‘பெண்ட்’ என்றால் ‘வளை’ மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பகுதியில் ‘பெண்ட்’ (bend) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ‘வளை’ என்று ஒற்றைப் பொருள் தந்திருந்தீர்கள். தவறில்லை, ஆனால் போதாது. அந்தக் கட்டத்தை வெட்டி நோட்டில் ஒட்டிவைக்கும் பிள்ளைகள் வடசென்னையில் நிறைய உண்டு. அவர்கள் ஆங்கிலத்தையும் அரைகுறையாகக் கற்று, வீட்டில் புழங்கும் நல்ல தமிழ்ச் சொற்களையும் விட்டுவிடக் கூடாது என்றே இதை எழுதுகிறோம்.

இடுப்பு, முட்டி, கம்பி, தெரு என எல்லாவற்றுக்கும் ஆங்கிலம் ‘பெண்ட்’ என்றே சொல்லிவிடும். தமிழில் எது வளைகிறது என்று கேட்டுத்தான் சொல்லை எடுக்க வேண்டும். இடுப்பிலிருந்து மேலுடம்பு முன்னால் சாய்ந்தால் குனிகிறோம். முட்டி, முழங்கை, விரல் இவற்றை மடக்குகிறோம். பிரம்பு வளைகிறது, தகரம் நெளிகிறது, காற்றில் வாழை சாய்கிறது. முதுமையில் முதுகு கூனிப்போகிறது. முட்டியை ‘வளை’ என்று எந்தப் பாட்டியும் சொல்ல மாட்டார்.

இது வெறும் சொல் அழகு சார்ந்த விஷயமல்ல. துறைமுகத்திலும் மணலிப் பக்கத்துக் கிடங்குகளிலும் மூட்டை தூக்குபவர்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு பாதுகாப்பு விதி உண்டு. அதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் ‘முதுகை வளைக்காமல் முழங்கால்களை வளையுங்கள்’ என்று வரும். படிப்பவருக்கு என்ன செய்வதென்றே புரியாது. ‘குனிஞ்சு தூக்காதே, முட்டியை மடக்கி உட்கார்ந்து தூக்கு’ என்றால் அந்த நொடியே உடம்புக்குப் புரியும். கால்களைச் சற்று அகட்டி, மூட்டையை ஒட்டி நின்று, முட்டியை மடக்கி இறங்க வேண்டும். மூட்டையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு காலின் பலத்தில் எழ வேண்டும். குனிந்தபடி தூக்கினால் சுமை உடம்பைவிட்டுத் தள்ளிப்போகும். தள்ளிப்போகப் போக அத்தனை இழுப்பும் கீழ்முதுகில்தான் வந்து விழும். குனிவதும் மடக்குவதும் வேறு வேறு என்று தமிழ் பிரித்து வைத்திருப்பது இங்கே இடுப்பையே காப்பாற்றுகிறது.

சைக்கிள் கடையில் இன்னும் நுட்பம். சக்கரத்தைச் சுற்றிவிட்டால் ரிம் ஓரிடத்தில் இடப்பக்கம் ஒதுங்கி பிரேக் கட்டையை உரசும். இதற்குப் பெயர் கோட்டம். அந்த இடத்தில் வலப்பக்க ஸ்போக்ஸின் நிப்பிளை, அதாவது ஸ்போக்ஸை ரிம்மோடு பிடித்திருக்கும் சிறு திருகை, கால் சுற்று இறுக்கி, இடப்பக்கத்தைக் கால் சுற்று தளர்த்தி, மறுபடி சுற்றிப் பார்ப்பார்கள். பொறுமையில்லாமல் ஒரு பக்கத்தை மட்டும் இறுக்கிக்கொண்டே போனால் ரிம் உள்ளே இழுபட்டு வட்டமே கெட்டுவிடும். பள்ளத்தில் இறங்கி ரிம்மின் இரும்பே மடங்கிவிட்டால் அது கோட்டமல்ல, பெண்டு. நிப்பிளைத் திருகிப் பயனில்லை. தட்டி நிமிர்த்த வேண்டும், முடியாவிட்டால் ரிம்மை மாற்ற வேண்டும். ஆங்கிலமும் இந்த இரண்டையும் பிரித்தே பேசுகிறது. கோட்டம் எடுப்பதற்கு அங்கே ‘ட்ரூ’ என்ற சொல்தான் வினையாக வரும். உண்மை என்ற பொருளில் பிள்ளைகள் படிக்கிற அதே ‘ட்ரூ’. கோட்டமும் எளிய சொல்லல்ல. செங்கோலுக்கு எதிரான கொடுங்கோல் என்பது கோடிய கோல், அதாவது வளைந்த கோல். அந்தப் பழஞ்சொல் இன்றும் பஞ்சர் கடையில் உயிரோடு இருக்கிறது.

பிளம்பரிடம் போனால் ‘பெண்ட்’ ஒரு பொருளின் பெயர், குழாயைத் திருப்பிவிடும் இணைப்புத் துண்டு. அங்கே ‘வளை’ என்று மொழிபெயர்த்தால் கடையில் எதையும் வாங்க முடியாது. எல்போ என்ற இன்னொரு துண்டு சட்டென்று திரும்பும், பெண்ட் நிதானமாகத் திரும்பும். கழிவுநீர்க் குழாய்க்கு 110 மி.மீ. அளவில் பிளைன் பெண்ட், டோர் பெண்ட் என்று இரண்டு வகை கேட்டு வாங்குவார்கள். டோர் பெண்டில் திறந்து மூடும் மூடி இருக்கும், அடைப்பு விழுந்தால் அதைக் கழற்றிக் கம்பி விடலாம். ராயபுரம், வண்ணாரப்பேட்டையின் ஒடுங்கிய சந்துகளில் இந்த மூடியைச் சுவரைப் பார்க்க வைத்துவிட்டால் கை நுழையாது, பெண்ட் வாங்கிய காசு வீண். மேலிருந்து இறங்கும் குழாய் தரையில் திரும்பும் இடத்தில் ஒரே 90 டிகிரிக்குப் பதில் இரண்டு 45 டிகிரி பெண்ட் போட்டால் கழிவு தேங்காமல் ஓடும்.

கட்டட வேலையில் கம்பியை ‘வளைப்பது’, தூண் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்கின் நுனியைக் கொக்கியாக ‘மடக்குவது’ என்று இரண்டு சொல்லும் சரியாகவே புழங்குகின்றன. தூண் ரிங்கின் கொக்கியை 90 டிகிரியோடு விடாமல் 135 டிகிரிக்கு உள்ளே மடக்க வேண்டும். அப்போதுதான் நிலநடுக்கத்தில் ரிங் பிரிந்து வாய் திறக்காது. தவறாக வளைத்த கம்பியை நிமிர்த்தி அதே இடத்தில் மறுபடி வளைப்பது கூடாது. கம்பி அங்கேயே பலமிழந்து விரிசல் விடக்கூடும்.

இலக்கணத்தில் பிள்ளைகள் தடுமாறுவது ‘பெண்டட்’ (bended) என்று எழுதும்போது. இறந்தகால வினைமுற்றும் இறந்தகால எச்சமும் (past participle) ‘பென்ட்’ (bent) தான், கடைசி எழுத்து d-க்குப் பதில் t. ‘பெண்டட்’ என்ற பழைய வடிவம் மண்டியிடுவதைச் சொல்லும் ஒரு தொடரில் மட்டும் தங்கியிருக்கிறது. கம்பி வளைந்தது, கம்பியை வளைத்தார், வளைந்த கம்பி ஆகிய மூன்றுக்கும் அந்த ஒரே ‘பென்ட்’ போதும். தமிழ்ப் பிள்ளைக்கு இது விசித்திரம், ஆகவே தனியாகச் சொல்லித்தர வேண்டும். இந்தச் சொல்லின் பழைய ஆங்கிலப் பொருள் வில்லுக்கு நாண் பூட்டுவது.

‘வேலை பெண்டை நிமிர்த்துது’ என்று நம் பக்கம் சொல்வதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதாதே என்றும் சொல்ல வேண்டும். அங்கே அதற்கு அந்தப் பொருளே கிடையாது.

அடுத்த முறை கட்டம் போடும்போது இடம் குறைவென்றால் வேறெதையும் விடுங்கள். ‘குனி, மடக்கு, வளை, நெளி’ நான்கையும் சொல்லுக்கொரு சிறு வாக்கியத்தோடு அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஆங்கில ஆசிரியர்கள் சிலர்,
தண்டையார்பேட்டை, சென்னை – 81