இரட்டைப் பிணைப்பு இரு மடங்கு வலியதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் கடந்த வாரம் வெளிவந்த கரிம வேதியியல் கட்டுரையில், கார்பன் அணுக்களுக்கு இடையிலான இரட்டைப் பிணைப்பு ஒற்றைப் பிணைப்பைப் போல இரு மடங்கு வலிமை உடையது என்றும், முப்பிணைப்பு மும்மடங்கு வலிமை உடையது என்றும் எழுதப்பட்டிருந்தது. பொதுத்தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் அந்தப் பக்கத்தை வெட்டிக் குறிப்பேட்டில் ஒட்டி வைத்துக்கொள்கிறார்கள் என்பதால், இப்பிழையைத் திருத்தி வெளியிட வேண்டுகிறேன்.

ஒற்றைப் பிணைப்பை முறிக்க மோல் ஒன்றுக்குச் சுமார் 347 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். இரட்டைப் பிணைப்புக்கு வேண்டியது சுமார் 611 கிலோஜூல்தான், 694 அன்று. முப்பிணைப்புக்கு 837 அளவில் போதும். இந்தக் குறைவு எதனால் என்பதில்தான் பாடமே இருக்கிறது. இரட்டைப் பிணைப்பில் உள்ள இரண்டும் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. ஆர்பிட்டால்கள், அதாவது அணுவில் எலக்ட்ரான்கள் இருக்கும் வெளிகள், நேருக்கு நேர் மேற்பொருந்தி உண்டாகும் சிக்மா பிணைப்பு உறுதியானது; பக்கவாட்டில் மேற்பொருந்தி உண்டாகும் பை பிணைப்பு அதைவிட வலுக்குறைந்தது. "இரட்டைப் பிணைப்பு வலியது என்றால், ஈத்தேன் இருட்டில் புரோமின் நீரோடு வினைபுரியாமல் இருக்கும்போது எத்திலீன் மட்டும் ஏன் சார் உடனே நிறம் நீக்குகிறது?" என்று பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி என்னிடம் கேட்டாள். அவளுக்கான விடை அந்தப் பை பிணைப்புதான்: சிக்மா அப்படியே நிற்க, பை மட்டும் முறிந்து புரோமின் வந்து சேர இடம் கொடுக்கிறது. இரு மடங்கு என்று எழுதிவிட்டால் இந்தக் கேள்விக்கு வழியே இல்லாமல் போகிறது.

பை பிணைப்பு இருக்கும் இடத்தில் கார்பன் சங்கிலி தன் அச்சில் தாராளமாகச் சுழல முடியாது என்பதையும் கட்டுரை சொல்லியிருக்கலாம். இதற்குச் சான்று நம் மாவட்டத்துச் செக்கு எண்ணெயிலேயே உள்ளது. கடலை எண்ணெயில் மிகுந்திருக்கும் ஒலியிக் அமிலத்திலும், கொழுப்புகளில் காணப்படும் ஸ்டியரிக் அமிலத்திலும் கார்பன்கள் பதினெட்டுதான். ஆனால் ஒலியிக் அமிலத்தில் 9ஆம் கார்பனுக்கும் 10ஆம் கார்பனுக்கும் இடையே ஓர் இரட்டைப் பிணைப்பு அமைந்து, சங்கிலியை வளைத்து, அந்த வளைவை நிமிரவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது. வளைந்த சங்கிலிகள் நெருங்கி அடுக்கப்படுவதில்லை. அதனால் அது சுமார் 13 டிகிரி செல்சியசிலேயே உருகிவிடுகிறது. ஸ்டியரிக் அமிலம் உருக 69 டிகிரி வேண்டும். மார்கழி விடியலில் பண்ருட்டிக் கடலை எண்ணெய் உறையாமல் ஊற்ற வருவதற்கு இந்த ஒரு பிணைப்பு பெரிய காரணம்.

கட்டுரையில் வந்த, ஆறு கார்பன் வளையமான பென்சீனின் படத்திலும் ஒரு திருத்தம் தேவை. ஒற்றையும் இரட்டையும் மாறி மாறி வரையப்பட்டிருந்தாலும், அதன் ஆறு பிணைப்புகளும் சுமார் 139 பிகோமீட்டர் (ஒரு பிகோமீட்டர் என்பது மீட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) என்ற ஒரே நீளம் உடையவை. 154 உள்ள ஒற்றைக்கும் 134 உள்ள இரட்டைக்கும் இடைப்பட்டவை. அந்த வளையம் தட்டையானது என்பதை 1929இல் படிகவியல் அறிஞர் கேத்லீன் லான்ஸ்டேல், பென்சீன் வளையத்தைக் கொண்ட ஹெக்சாமெத்தில் பென்சீன் படிகத்தை எக்ஸ் கதிரால் ஆராய்ந்து காட்டினார்.

திருத்தத்தை அதே மாணவர் பக்கத்திலேயே, மாணவர் கண்ணில் படும்படி வெளியிட வேண்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற முதுகலை வேதியியல் ஆசிரியர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.