முகமூடி இரவலாக வேண்டாம், உரிமையோடு வேண்டும்

பிரிட்டிஷ் மியூசியத்தின் அறங்காவலர்களுக்கு,

வணக்கம். கனடாவின் அலர்ட் பே ஊரில் இருக்கும் உமிஸ்தா பண்பாட்டு மையத்துக்கு 2005இல் ஒரு முகமூடியை அனுப்பினீர்கள். கனடாவின் மேற்குக் கடற்கரைப் பழங்குடிகளான குவாக்குவாக்கவாக்கு மக்கள், பாட்லாட்ச் என்னும் பரிசளிப்பு விருந்தில் அணிந்து ஆடும் உருமாற்ற முகமூடி, அதாவது திறந்தால் உள்ளே இன்னொரு முகம் தெரியும் முகமூடி. அனுப்பியது நல்ல காரியம். ஆனால் நீண்டகால இரவலாக அல்லவா அனுப்பினீர்கள்! பறிகொடுத்தவர்களுக்கே இரவல். அதை அவர்களுக்கே சொந்தமாகக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

1921 டிசம்பரில் வில்லேஜ் தீவில் டேன் கிரான்மர் நடத்திய விருந்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. படகு, தையல் இயந்திரம், மாவு மூட்டை என்று வந்தவர்களுக்கு வாரிக் கொடுத்தார். வாங்கியவர்கள் அனைவரும் சாட்சிகள். குடும்பத்தின் பெயரும் பட்டமும் அந்தச் சாட்சியத்தால்தான் நிலைக்கும். இப்படிக் கொடுப்பது 1885 முதல் 1951 வரை கனடாவில் குற்றமாக இருந்தது. 45 பேர் மீது வழக்குப் போட்டார்கள். அப்புறம் அரசு முகவர் வில்லியம் ஹாலிடே ஒரு நிபந்தனை வைத்தார்: ஊர் மொத்தமும் முகமூடிகளையும் செப்புத் தகடுகளையும் ஒப்படைத்தால் தண்டனை நிறுத்திவைக்கப்படும்.

அந்த வீடுகளில் அன்று என்ன நடந்திருக்கும் என்று தயவுசெய்து யோசியுங்கள். தலைமுறை தலைமுறையாக வந்ததைக் கொடுத்தால் வீட்டுப் பெரியவர் வீட்டிலேயே இருப்பார், கொடுக்காவிட்டால் ஓகல்லா சிறைக்குப் போவார். சில ஊர்கள் கொடுத்தன. மறுத்தவர்கள் சிறைக்குப் போனார்கள், பெண்கள் உட்பட. பறித்த பொருள்களை அலர்ட் பே தேவாலயக் கூடத்தில் பரப்பிவைத்து, பார்க்க வந்தவர்களிடம் கட்டணம் வாங்கினார்கள். ஆயிரக்கணக்கான கம்பளிகளுக்கு ஈடான செப்புத் தகடுகளுக்கு ஒரு காசுகூடத் தரவில்லை. அந்தக் குவியலில் இருந்த ஒன்றுதான், ஒரு தனியார் சேகரிப்போடு 1944இல் உங்களிடம் வந்து சேர்ந்தது.

இப்படி வந்த பொருளுக்கு நீங்கள் எப்படி உரிமையாளர் ஆவீர்கள்?

கனடாவின் தேசிய அருங்காட்சியகம் தன்னிடம் இருந்தவற்றைத் திருப்பிக் கொடுத்தது. ராயல் ஒன்டாரியோ மியூசியமும் கொடுத்தது. கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோனிடம் இருந்த தலையணியை அவருடைய மகள் 2003இல் கொடுத்துவிட்டார். அவரை எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை.

சேகரிப்பில் உள்ளதைப் பெரும்பாலும் விட்டுக்கொடுக்க முடியாதபடி 1963ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மியூசியம் சட்டம் கையைக் கட்டிப்போட்டிருக்கிறது என்பீர்கள். சரி, பறித்ததும் சட்டத்தின் பெயரால்தான் நடந்தது. பழங்குடிகளிடமிருந்து எடுக்கும்போது சட்டம் ஒரே நாளில் வேலை செய்கிறது, கொடுக்கும்போது மட்டும் நூறு ஆண்டுகள் போதவில்லை. உங்கள் பாராளுமன்றமோ 2009இல் நாஜிகள் பறித்த கலைப்பொருள்களைத் திருப்பித் தர வழி செய்தது. அது மிகச் சரியான செயல். அதே நியாயம் அலர்ட் பேக்கு ஏன் பொருந்தாது?

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். முகமூடியின் உரிமையை அந்த மக்களுக்கே மாற்றிக் கொடுங்கள். அதற்குச் சட்டத்திருத்தம் வேண்டுமென்றால், பாராளுமன்றத்திடம் நீங்களே வெளிப்படையாகக் கேளுங்கள். அது நடக்கும்வரை, முகமூடியைத் திரும்ப அழைக்க மாட்டோம் என்று எழுத்தில் உறுதி கொடுங்கள்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

மரியாதையுடன்,
ஒரு தமிழ் வாசகர்