தார்ப்பாய் கட்டித் தந்த அண்ணனுக்கு

2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரியில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். அம்மாவோடும் கைக்குழந்தையோடும் பள்ளிக்கூட முகாமுக்குப் போய்ச் சேர்ந்தோம். ஒரே வகுப்பறையில் ஏழெட்டு குடும்பங்கள். சாப்பாடு வந்தது, போர்வை வந்தது. பிள்ளைக்குப் பால் கொடுக்கத்தான் ஒரு மறைவு இல்லை.

யாரிடமும் கேட்க எனக்குக் கூச்சம். நீங்களாகவே கவனித்தீர்கள், அண்ணா. ரோட்டரி சங்கத்து அட்டை கழுத்தில் நனைந்து தொங்க, ஜன்னல் கம்பியிலிருந்து கரும்பலகை ஆணிவரை கயிறு இழுத்து, நீலத் தார்ப்பாயைக் கட்டினீர்கள். காற்றில் தூக்காமலிருக்க அடியில் இரண்டு செங்கல் வேறு. அப்புறம், அம்மாவால் தரையில் உட்கார முடியாததைப் பார்த்து, எங்கிருந்தோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அறையிலிருந்த பெண்கள் எல்லாருமே அந்த மறைவில்தான் உடை மாற்றினோம்.

கட்டிக்கொண்டே சொன்னீர்கள்: 2000-இல் இங்கிலாந்தின் கார்ன்வாலில் ஒரு ரோட்டரி சங்கம் தொடங்கிய ஷெல்டர்பாக்ஸ், பேரிடரில் வீடிழந்த குடும்பங்களுக்குக் கூடாரம், சமையல் பாத்திரம், சூரிய விளக்கு எல்லாம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது, உங்கள் சங்கமும் அதற்குப் பணம் திரட்டுகிறது என்று. “இருக்க ஒரு மறைப்பு இல்லாம எப்படிம்மா?” என்றீர்கள்.

பெயர் கேட்கத் தோன்றவில்லை. பிள்ளை இப்போது ஓடி விளையாடுகிறாள். இது கண்ணில் பட்டால் ஒரு வார்த்தை எழுதுங்கள், அண்ணா. ஒருநாள் வீட்டுக்கு வந்து சாப்பிட வேண்டும்.