பெயர் தெரியாத பூச்சாடிக் கன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் குடிபூரலுக்கு சிநேகிதி ஒருத்தி பூச்சாடியில் ஒரு கன்று தந்தாள், பெயர் அவளுக்கும் தெரியாது, விற்ற கடைக்காரருக்கும் தெரியாதாம். கணுக்கணுவான தடித்த தண்டு, அகன்ற இலை, நடுவில் பால் தெளித்தது போல வெள்ளைத் திட்டுகள். விவசாயப் போதனாசிரியர் பார்த்துவிட்டு டிஃபன்பேக்கியா என்றார். கரணைக்கிழங்கின் குடும்பம்தான், அந்தக் கிழங்கைப் போலவே இதன் இலையிலும் தண்டிலும் கல்சியம் ஒக்சலேட் என்ற உப்பின் ஊசி போன்ற நுண்ணிய படிகங்கள் உண்டு, கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும், பேச்சுக்கூட வராமல் போகலாம். எங்கள் வீட்டில் தவழ்கிற பிள்ளை இருக்கிறது, ஆடு வேறு விறாந்தை வரை வரும்! சரி, உயரத்தில் வைத்துவிட்டோம். விற்கிறவர்கள் சாடியில் பெயரையும் வாயில் வைக்கக்கூடாது என்பதையும் ஒரு துண்டில் எழுதி ஒட்டினால் என்ன, அதற்குப் பெரிய செலவா?

வாசகி,
கிளிநொச்சி