வால் குட்டையான வால்நட்சத்திரம்

அன்புள்ள முருகேசா,

பேத்தி பிறந்த செய்தியோடு உன் கடிதம் கிடைத்தது. பெயர் மட்டும் எழுதாமல் விட்டுவிட்டாய்!

மாப்பிள்ளை வாங்கி வந்த மூலிகை மாத்திரையைப் பற்றிக் கேட்டிருந்தாய். டிஎன்ஏ சிதைவைத் தடுக்கும் என்று டப்பாவில் போட்டிருக்கிறதாமே. சுத்தப் பொய் என்று தள்ளிவிட முடியாது. ரோஸ்மேரி, தைம், நம் துளசி, புதினா, கற்பூரவல்லி எல்லாம் ஒரே தாவரக் குடும்பம். 1958இல் இத்தாலியில் ரோஸ்மேரியிலிருந்து பிரித்தெடுத்த ரோஸ்மேரினிக் அமிலம் துளசியிலும் உண்டு. டிஎன்ஏவைச் சிதைக்கும் பொருள்களை மட்டுப்படுத்தக்கூடியது அது.

ஆய்வகத்தில் இதைச் சோதிப்பதே தனி வேடிக்கை. செல்களுக்கு முதலில் இலைச்சாறு, பிறகு டிஎன்ஏவை முறிக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு. அவற்றை ஜெல்லில் பதித்து, சவ்வைக் கரைத்து, மின்சாரம் பாய்ச்சினால் முறிந்த டிஎன்ஏ இழைகள் நேர்மின்முனைப் பக்கம் இழுபடும். சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் இருட்டில் தலையும் வாலுமாக ஒரு வால்நட்சத்திரம். வால் நீண்டால் சேதம் அதிகம்.

முதன்முறை துளசிச் சாற்றில் செய்தபோது எனக்கு வாலே இல்லை! துள்ளிக் குதித்தேன். எங்கள் பேராசிரியர் ஒன்றே ஒன்று கேட்டார்: "கழுவினாயா?" கழுவவில்லை. தட்டில் மிச்சமிருந்த சாறு, பெராக்சைடு செல்லைத் தொடுமுன்பே அதைத் தின்று தீர்த்திருந்தது. கழுவிவிட்டுத் திரும்பச் செய்தேன். வால் கொஞ்சம்தான் குறைந்தது. கொஞ்சமாக இருந்தாலும் அதுதான் செல்லுக்குள் போய்ச் சேர்ந்த பலன். சாறு மிகவும் கெட்டியாக இருந்தாலோ, வளர்ப்புத் திரவத்தில் அதுவே பெராக்சைடை உண்டாக்கிவிடுவதும் உண்டு.

தட்டிலேயே இத்தனை சிக்கல். வயிற்றுக்குள் போனால் குடலும் ஈரலும் சேர்ந்து அந்த ரோஸ்மேரினிக் அமிலத்தை உருமாற்றிவிடும். ரத்தத்தில் ஏறுவது சொற்பம். பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. நல்லது செய்யும் என்று நம்பித்தான் அவர்களில் ஒரு பாதிக்குப் பீட்டா கரோட்டின் (கேரட்டுக்கு நிறம் தரும் பொருள்) மாத்திரை கொடுத்தார்கள். 1994இல் முடிவு வந்தபோது, மாத்திரை தின்றவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாக இருந்தது. அன்றிலிருந்து சாறு வேறு, மாத்திரை வேறு என்றுதான் எனக்கு எண்ணம். மாப்பிள்ளை மனம் நோகாமல் டப்பாவை அலமாரியில் பின்னுக்குத் தள்ளிவை. புதினாத் துவையலை நிறுத்தாதே.

பொங்கலுக்கு வருகிறாய் அல்லவா? கற்பூரவல்லிக் கிளை ஒன்றை ஒடித்துத் தொட்டியில் ஊன்றியிருக்கிறேன். மூன்று இலை விட்டிருக்கிறது. போகும்போது எடுத்துப்போ.

உன்
சேது