கிராம சுகாதார நர்ஸ் அக்காவுக்கு நன்றி

மூத்தவனுக்குத் தொடங்கிய வாந்தியும் வயிற்றுப்போக்கும் இரட்டைப் பிள்ளைகளுக்கும் தொற்றி, கடைசியில் என் வீட்டுக்காரரையும் படுக்க வைத்துவிட்டது. யாரை முதலில் தூக்குவது என்று திணறிக்கொண்டிருந்தபோது நீங்கள் வந்தீர்கள் அக்கா. கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஓஆர்எஸ் பாக்கெட்டை முழுசாகக் கரைத்து, சின்னவளை மடியில் சாய்த்து, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தீர்கள். கக்கிவிட்டாள். "பரவாயில்லம்மா, பத்து நிமிஷம் விட்டு இன்னும் மெதுவா குடுப்போம்" என்றீர்கள். அப்புறம் வயிற்றில் தங்கியது.

கரைசலை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, போக்கு நின்றாலும் ஜிங்க் மாத்திரையை 14 நாளும் கொடுக்க வேண்டும், கண் குழிந்தால் உடனே ஆஸ்பத்திரி என்று பொறுமையாகச் சொன்னீர்கள். கிளம்பும் முன் அழுக்குத் துணிகளையும் வெந்நீரில் ஊறப்போட்டீர்கள். அது உங்கள் வேலையே இல்லை. பிள்ளைகள் இப்போது இட்லி கேட்டு அடம்பிடிக்கிறார்கள். ரொம்ப நன்றி அக்கா.