சிறுவர் அலமாரியின் பூட்டைத் திறந்துவிடுங்கள்

மதிப்பிற்குரிய நூலக நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். வாரா வாரம் நடந்துவந்த பிள்ளைகளின் கதை நேரத்தை நீங்கள் நிறுத்தி இரண்டு மாதம் ஆகிறது. காரணம் உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். பெரியவர்கள் படிக்கும் கூடத்துக்குச் சத்தம் கேட்கிறது என்று புகார் வந்தது. கணக்கெடுப்பில் சில படப் புத்தகங்கள் கிழிந்திருந்தன. இரண்டையும் நான் மறுக்கவில்லை. ஆனால் எங்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை பேசாமல், கதவில் ஓர் அறிவிப்பை ஒட்டிவிட்டு, சிறுவர் அலமாரியையும் பூட்டிவிட்டீர்கள். நேரில் கொடுத்த இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. அதனால்தான் இந்த மடலை எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

அந்த அலமாரிக்குள் ஒரு புத்தகம் இருக்கிறது. உங்கள் பதிவேட்டில் அதற்கு எண் கிடையாது.

ஒரு வாரம் கதை சொல்ல வேண்டியவரால் வர முடியவில்லை. பேத்தியைக் கூட்டி வந்து ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு பாட்டியிடம், "நீங்க ஒரு கதை சொல்லுங்களேன்" என்று கேட்டேன். "எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதே கண்ணு" என்று கூச்சப்பட்டார். பிள்ளைகள் விடவில்லை. ஆற்றைக் கடக்க ஆமையிடம் கெஞ்சிய ஒரு நரியின் கதையைச் சொன்னார். நரிக்கு ஒரு குரல், ஆமைக்கு ஒரு குரல். முடிந்ததும் ஒரு சிறுவன் நேராக அலமாரிக்குப் போய், "இந்தக் கதை எந்தப் புத்தகத்துல இருக்கு?" என்று தேட ஆரம்பித்தான். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கதை எதிலும் இல்லை. ஆனால் தேடுகிற சாக்கில் அன்றைக்கு ஆளுக்கு நாலைந்து புத்தகத்தைப் புரட்டிவிட்டார்கள். கடைசியில் அந்தப் பேத்திதான் சொன்னாள்: "அப்ப நாமளே எழுதிடலாம்."

மூன்று வாரம் ஆனது. பாட்டி சொல்லச் சொல்ல ஒருத்தி எழுதினாள், ஒருவன் வரைந்தான். பதினாறு பக்கம், பழைய காலண்டர் அட்டை, ஊசி நூலால் தைத்த முதுகு. ஏழாம் பக்கத்தில் நரிக்கு ஐந்து கால். ஐந்தாவது வால்தான் என்று வரைந்தவன் இன்றுவரை சாதிக்கிறான். தன் வாயிலிருந்து வந்த கதை எழுத்தாக இருப்பதைப் பாட்டி விரலால் தடவிப் பார்த்தார். பேத்தி அவருக்கு அதை வாசித்துக் காட்டினாள். அதற்கு முன்னால் அவள் சத்தமாக வாசித்து நான் கேட்டதில்லை.

இப்போது அந்தப் புத்தகமும் பூட்டுக்குள் இருக்கிறது. அலமாரியின் கண்ணாடியை ஒருமுறை பக்கத்தில் போய்ப் பாருங்கள். மேல் பாதி பளிச்சென்று இருக்கும். கீழ்ப் பாதி முழுக்கச் சின்னச் சின்ன விரல் தடங்கள். அது அழுக்கு இல்லை ஐயா. எந்தப் புத்தகம் வேண்டும் என்று கேட்டுக் கேட்டுப் பிள்ளைகள் வைத்த புள்ளிகள்.

நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து நூலக விதிகளை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பதுதான் அவற்றில் முதல் விதி. 1994இல் வந்த யுனெஸ்கோவின் பொது நூலக அறிக்கையும், சின்ன வயதிலேயே பிள்ளைகளிடம் வாசிப்புப் பழக்கத்தை உண்டாக்குவதைத்தான் நூலகத்தின் பணிகளில் முதலாவதாக வைத்தது. வாய்மொழி மரபை ஆதரிப்பதும் அதே பட்டியலில் இருக்கிறது. அந்தப் பாட்டி ஒரு மணி நேரத்தில் இரண்டையும் செய்து காட்டினார்.

எழுத்துக் கூட்டத் திணறும் வயதில், பிள்ளையின் காது கண்ணுக்கு வெகு தூரம் முன்னால் போய்க்கொண்டிருக்கும். தானாகப் படிக்க முடியாத கதையைக் கேட்டால் புரிந்துகொள்ளும். வீட்டுப் பேச்சில் வராத சொற்கள் கதையில்தான் காதில் விழுகின்றன. ஒரே கதையைப் பத்துத் தடவை கேட்பார்கள், பெரியவர்களுக்கு அலுத்துப்போகும். ஆனால் அடுத்த வரி இன்னதென்று தெரிந்த பிறகு பக்கத்தைப் பார்க்கிற பிள்ளைக்குத்தான் எழுத்து மெல்லப் பிடிபடுகிறது. வீட்டில் வாசித்துக் காட்ட ஆள் இல்லாத பிள்ளைக்கு இது வேறெங்கே கிடைக்கும்?

ஏப்ரல் 23, உலகப் புத்தக நாள் வந்தால் எல்லா மேடையிலும் ஒரே பேச்சு: பிள்ளைகள் போனையே பார்க்கிறார்கள், புத்தகத்தைத் தொடுவதில்லை. கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு கொதிக்கிறது. தொட வந்த பிள்ளையை வாசலில் நிறுத்துகிறோம். பள்ளியில் கதையைக் கொடுத்த கையோடு கீழே ஐந்து கேள்வி வைக்கிறோம். கிழித்துவிடுவாய், சத்தம் போடாதே, பாடத்தைப் படி என்று நாம்தான் ஒவ்வொரு கதவாகச் சாத்துகிறோம். அப்புறம் பிள்ளைகளைக் குறை சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன். மன்னிக்க வேண்டும். எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: கதை நேரத்தைத் திரும்பத் தாருங்கள், அலமாரியைத் திறந்துவிடுங்கள். சத்தம்தான் பிரச்சினை என்றால், படிப்புக் கூடம் திறப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரம் போதும். அதுவும் முடியாது என்றால் வெளி வராந்தாவில் பாய் விரித்துக்கொள்கிறோம். கிழிந்த புத்தகங்களை ஒட்டித் தரும் பொறுப்பு எங்களுடையது. பசையும் டேப்பும் நாங்களே கொண்டுவருகிறோம். வாரம் ஒரு மணி நேரம், ஒரு சாவி. தயவுசெய்து இதை மறுக்காதீர்கள்.

முடிவெடுக்கக் குழு கூட வேண்டும், நாளாகும் என்றால் புரிந்துகொள்கிறேன். அதுவரை அந்த நரிப் புத்தகத்தை மட்டுமாவது எடுத்துக் கொடுங்கள். கடைசியாகப் பார்த்தபோது முதுகுத் தையல் விட்டிருந்தது. வாங்கிப் போய்த் தைத்து வைக்கிறேன்.

பணிவுடன்,
கதை நேரத் தன்னார்வலர் ஒருவர்